இருபத்தொன்பது முடிச்சு

1931ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். விடியும்வரை பெய்த மழை நின்றிருந்தது. காற்று இல்லை. ஆஸ்பத்திரி ஓட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த நிமிடத்தில்தான் டாக்டர் என் மகளின் வலது இடுப்பில் முதல் ஊசியைப் போட்டார். என் சட்டைப்பைக் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடும். அதைக் கழித்தே நேரம் சொல்கிறேன்.

அவளுக்கு அப்போது ஏழு வயது. இடது முழங்காலின் பின்புறம் தீயில் வெந்து, தோல் போய், சிவந்த சதையாக இருந்தது. அங்கே ஒட்டுவதற்கு வலது தொடையிலிருந்து தோல் சீவி எடுக்க வேண்டும். மயக்க மருந்து தாங்காத குழந்தை. ஆகவே தொடையை மட்டும் மரத்துப்போகச் செய்து, அவள் விழித்திருக்கும்போதே எடுப்பதாக ஏற்பாடு. எனக்கு முப்பத்தெட்டு வயது. பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் அரிசி மூட்டைகளுக்குக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். இப்போது எழுபத்தாறு, சரியாக இரட்டிப்பு. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

தீப்பிடித்தது கல்லறைத் திருநாளன்று. அதைச் சொல்வதற்கு முன் என் மனைவி இறந்ததைச் சொல்ல வேண்டும்.

அவள் அந்த ஆண்டு மார்ச் மாதம் காய்ச்சலில் இறந்தாள். இருபத்தாறு வயது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதிவந்தேன். எங்களோடு டத்தோ கிராமாட் ரோட்டு வீட்டில் இருந்த என் அக்கா, “சாமியாரக் கூப்பிடுடா” என்றாள். கடைசி மூன்று குறிப்புகளில் காய்ச்சல் இறங்கியிருப்பதை அவளுக்கு நோட்டில் காட்டினேன். அப்புறம் ஆள் அனுப்பி, சாமியார் எண்ணெயோடு வந்து சேர்ந்தபோது மனைவி இறந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் இல்லை. சாகிறவருக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் இல்லை. நோட்டில் மட்டும் ஒரு குறிப்பும் விடுபடவில்லை.

நாங்கள் கத்தோலிக்கர். இறந்தவரின் ஆத்துமா மோட்சம் சேருமுன் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படும் என்றும், இங்கே இருப்பவர்களின் செபமும், வலியைத் தாங்கி ஒப்புக்கொடுக்கும் ஒறுத்தலும் அந்தக் காலத்தைக் குறைக்கும் என்றும் கற்று வளர்ந்தவர்கள். அன்றைய செபப் புத்தகங்களில் ஒவ்வொரு செபத்தின் அடியிலும் அதற்கு எத்தனை நாள் பலன் என்று அச்சிட்டிருக்கும். நூறு நாள், முந்நூறு நாள், ஏழு வருடம். வேறெதுவும் விளங்காத அந்த எட்டு மாதங்களில் இதை மட்டும் என்னால் கூட்ட முடிந்தது. இரவுச் செபம் முடிந்ததும் அன்றைய நாட்களைக் கூட்டி எழுதுவேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். எண் படிக்க அவள் கற்றது அப்படித்தான்.

கல்லறைத் திருநாளில் ஒரு சிறப்பு உண்டு. அன்று கோவிலுக்குள் போய், பாப்பரசர் கருத்துக்காக ஆறு பரலோக மந்திரம், ஆறு அருள்நிறை மந்திரம், ஆறு திரித்துவத் துதி சொன்னால் ஓர் ஆத்துமாவுக்குப் பரிபூரண பலன், மீதிக் காலம் முழுவதும் தீர்ந்துவிடும். வெளியே வந்து மறுபடி உள்ளே போனால் மறுபடி ஒரு பலன். அதனால் அன்று பிற்பகல் முழுவதும் கோவிலின் பக்கவாசலில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருப்பார்கள். சிலர் படிக்கட்டில் ஒரு காலை வைத்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். அது செல்லுமா என்று எனக்குச் சந்தேகம். நான் இரண்டு காலையும் மண்ணில் வைத்தேன்.

நவம்பர் இரண்டு, திங்கட்கிழமை. அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். பன்னிரண்டு தடவை என்று முடிவு செய்து, மூன்று மணி ஐம்பதுக்குத் தொடங்கினோம். மூன்று தடவை முடிந்ததும் அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“டேய், ஒரு தடவ போதும்னு சாமியாரே சொல்றாரு. நீ என்னமோ மூட்ட எண்ற மாதிரி எண்ற.”

“சரியாச் செஞ்சா ஒரு தடவ போதும். சரியாச் செஞ்சோம்னு எப்படித் தெரியும்?”

“அப்ப பன்னெண்டுமே தப்பா இருந்தா?”

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, வாங்க. இது நாலு. அத்தைக்கு மூணோட முடிஞ்சிருச்சு.”

பன்னிரண்டையும் அவள் என்னோடு முடித்தாள். ஒவ்வொன்றும் ஒன்பது நிமிடம். கல்லறைத் தோட்டத்துக்கு ரிக்ஷாவில் போய்ச் சேர்ந்தபோது ஐந்து ஐம்பத்தைந்து. இருட்டிக்கொண்டு வந்தது. மூன்று தடவையோடு நிறுத்தியிருந்தால் வெளிச்சத்திலேயே போயிருப்போம், கடற்காற்றும் எழுந்திருக்காது. மனைவியின் மண்மேட்டில் இருபத்துநான்கு மெழுகுவர்த்திகளை நட்டு ஏற்றினோம். காற்றில் அணைந்தவற்றை ஒரு மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு மகள் குனிந்து குனிந்து ஏற்றினாள். கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட வெள்ளைக் கவுன், கீழே விறைப்பாக விரிந்து நின்றது. அது பற்றியதை முதலில் பார்த்தவன் நானல்ல. நான் அணைந்தவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது.

பக்கத்துக் கல்லறையில் நின்ற ஓர் அம்மாள் கத்தினார். நான் கோட்டைக் கழற்றுவதற்குள், வாசலில் பூ விற்ற சீனக் கிழவி வாளியோடு ஓடிவந்து பூவும் தண்ணீருமாக மகள்மேல் கொட்டினாள். தீ அணைந்தது. ஆறு மணி ஐந்து நிமிடம். கால் முழுவதும் வெள்ளைச் சாமந்தி ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், புண்ணைச் சுத்தம் செய்யக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். மூச்சு நின்றது. உதடு நீலமானது. டாக்டரும் நர்சும் அவளை மீட்டு எடுத்தார்கள். நான் வராந்தாவில் நின்றேன். எத்தனை நிமிடம் என்று பார்க்கவில்லை. என் வாழ்நாளில் நான் எண்ணாமல் விட்ட நேரம் அதுதான்.

அதன்பிறகு தினமும் காலையில் விழிப்போடுதான் கட்டு மாற்றினார்கள். ஒட்டிக்கொண்ட துணியை உப்புநீரில் நனைத்து மெல்ல மெல்லப் பிரிக்க வேண்டும். அவள் கத்தியது கேட் வரைக்கும் கேட்டது. முதல் நாளே, நவம்பர் ஐந்தாம் தேதி, என்னால் அதைக் கேட்டு நிற்க முடியவில்லை. அவள் காதருகே குனிந்தேன்.

“பாப்பா, கத்தாமப் பொறுத்துக்கிட்டு, இது அம்மாவுக்குன்னு மனசுல ஒப்புக்கொடு. அம்மாவுக்கு ஒரு வருஷம் குறையும்.”

அழுகை நின்றது. “ஒரு தடவைக்கு ஒரு வருஷமா?”

“ஆமா.”

“வலிக்குதுன்னு சொல்லலாமா?”

யோசித்தேன். “சொல்லிட்டா பலன் போயிடும்.”

“அப்ப எண்ணி வைக்கணும்” என்றாள்.

ஒரு தடவைக்கு ஒரு வருடம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது நானாகப் போட்ட தொகை.

வார்டில் கட்டு மாற்றுகிற டிரெஸ்ஸர் ஒரு தமிழர், என்னைவிட இளையவர். மறுநாள் என்னைக் கண்டதும் சிரித்தார்.

“என்னா கிராணி அண்ணே, உங்க பொண்ணு என்கிட்ட லஞ்சம் கேக்குதுலா. ஒரு முழம் கட்டுத்துணி கிழிச்சுக் குடுத்தாத்தான் காலத் தொட விடுமாம்.”

அந்தத் துணிநாடாவில் அவள் ஒவ்வொரு நாளும் ஒரு முடிச்சுப் போட்டாள். கட்டுப் பிரிக்கும்போது கண் கூரையில் இருக்கும். கை மட்டும் மெதுவாக முடிச்சுப் போடும். ஒரு சத்தம் வராது. “போன மாசம் ஒரு மாத்தா இங்க படுத்திருந்தான்” என்றார் டிரெஸ்ஸர். “போலீஸ்காரன் அண்ணே, இம்மாம் பெரிய மீச. கட்டத் தொட்டாலே ஐயோம்மாம்பான். இந்தப் பாப்பா வாயே தொறக்கலலா. என்னா சொல்லிக் குடுத்தீங்க?” நான் சொல்லவில்லை. ஆனால் பெருமைப்பட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன். நவம்பர் முப்பது வரை இருபத்தாறு முடிச்சு.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். முப்பதாம் தேதி என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

“முழங்காலுக்குப் பின்னால தோல் இல்லாமல் ஆறினால் சுருங்கி இழுத்துப்போடும். பிறகு பிள்ளை கால் நீட்டி நடக்கேலாது. புண் இப்பதான் ஒட்டுறதுக்குப் பதமாச் சுத்தமா இருக்கு. நாளைக்கே செய்யவேணும்.”

“குளோரோஃபார்ம்…”

“அது இனி இல்லை. அண்டைக்குப் பட்டது போதும்.” தன் தொடையிலேயே விரலால் காட்டினார். “தொடையின்ர உணர்ச்சியைக் கொண்டுபோற நரம்புகள் இடுப்புக்குக் கிட்ட, இஞ்ச ஒண்டு, இஞ்ச ஒண்டு. அந்த ரெண்டு இடத்திலயும் ஊசி போட்டால் தொடை விறைச்சுப்போகும். பிள்ளை முழிச்சிருக்கும், நோகாது. பல்லுப் பிடுங்கேக்க போடுற மருந்துதான்.”

“எவ்வளவு நேரத்துல விறைக்கும் டாக்டர்?”

“இருபது நிமிஷம் எண்டு வையுங்கோ. ஆளுக்கு ஆள் மாறும். நான் குத்திப் பாத்துக் கேட்பன். பிள்ளை சொல்லுறதுதான் எனக்கு அளவு. வேற அளவு இல்லை.”

இருபது நிமிடம் என்பதை நோட்டில் குறித்துக்கொண்டேன். கடைசியாகச் சொன்னதைக் குறிக்கவில்லை.

மறுநாள் அவள் பயப்படாமல் இருக்க என்னைத் தலைமாட்டில் நிற்க விட்டார்கள். அவள் இடுப்புக்குக் குறுக்கே ஒரு கம்பியில் துணி கட்டி மறைத்திருந்தது. துணிக்கு அந்தப் பக்கம் டாக்டர், காலைப் பிடித்துக்கொண்டு டிரெஸ்ஸர். இந்தப் பக்கம் அவள் முகம், நாடா பிடித்த இரண்டு கை, நான். முதல் ஊசிக்கு ஒரு முடிச்சு. இரண்டாவது ஊசிக்கு ஒன்று. இருபத்தெட்டு. ஊசி வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் குண்டூசியால் தொடையைத் தொட்டார். “நோகுதோ பிள்ளை? வலிக்குதோ?” எங்கள் பேச்சையும் சேர்த்துக் கேட்டார்.

“இல்ல டாக்டர்.”

“இஞ்ச?”

“இல்ல.”

“இஞ்ச?”

“இல்ல டாக்டர்.”

“சின்னப் பிள்ளையளுக்குக் கெதியாப் பிடிக்குது” என்றார் டாக்டர், டிரெஸ்ஸரிடம்.

கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நிமிடம். இருபது என்றுதானே சொன்னார் என்று தோன்றியது. ஒரு கிராணி டாக்டரிடம் மணி சொல்வதா என்றும் தோன்றியது. கடிகாரத்தைப் பைக்குள் போட்டேன்.

ஒன்பது முப்பத்தொன்றுக்குக் கத்தி வைத்தார். ஈரத்தில் சவரம் செய்யும் சத்தம் போல இருந்தது. மகளின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கண் கூரையில் இருந்தது. கையைப் பார்த்தேன். விரல்கள் மெதுவாக நாடாவை வளைத்து, நுனியை உள்ளே விட்டு, இழுத்தன.

வலிக்காத ஒன்றுக்கு அவள் முடிச்சுப் போடமாட்டாள். வராத மூட்டையை நான் வரவில் எழுதியதில்லை. அவள் என் மகள்.

“டாக்டர், நிறுத்துங்க.”

“என்ன?”

“அவளுக்கு வலிக்குது.”

“நோகேல்லை எண்டு மூண்டு தரம் சொல்லிச்சுதே.”

“பொய் சொல்றா டாக்டர். நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

கத்தியைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது. துணியை விலக்கி என்னைப் பார்த்தார். சொன்னேன். நான்கைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. டிரெஸ்ஸர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

“இந்த வயசுக்கு இன்னும் கொஞ்சம்தான் மருந்து போடலாம். அதுக்கு மேல போட்டால் ஆபத்து. அது பிடிச்சுதோ இல்லையோ எண்டு இந்தப் பிள்ளைதான் சொல்லவேணும். முகத்தைப் பாத்துக் கண்டுபிடிக்கேலாது, கல்லுப்போல கிடக்கு. உண்மை சொல்லாட்டி நான் கத்தி வைக்கமாட்டன். இண்டைக்கு விட்டால் கால் மடங்கினபடிதான். நீங்கள் சொல்லிக் குடுத்தது. நீங்களே மாத்திச் சொல்லுங்கோ.”

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் குனிந்தேன்.

“பாப்பா, வலிச்சா வலிக்குதுன்னு சொல்லலாம். பலன் போகாது.”

“போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க.”

“தெரியாமச் சொல்லிட்டேன்.”

“இப்ப சொன்னா இருபத்தொம்பதும் போயிடுமா?”

“போகாது.”

என்னை நம்பவில்லை. முதல் தடவையாக என் எண் ஒன்றை அவள் நம்பவில்லை. “அம்மாவுக்கு இன்னும் எத்தன இருக்கு?” என்று கேட்டாள்.

கூரையிலிருந்து நீர் சொட்டியது. பிறகு என் வாய் பேசியது. அப்படித்தான் சொல்ல வேண்டும், யோசித்துச் சொன்னதல்ல.

“அம்மாவுக்கு முடிஞ்சிருச்சு பாப்பா. அம்மா போய்ச் சேந்துட்டாங்க.”

“எப்ப?”

“நேத்து. இருபத்தாறாவது முடிச்சுல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அம்மா இந்த உலகத்துல மொத்தம் இருந்ததே இருபத்தாறு வருஷம். அதுக்கு மேல அவங்களுக்குப் பாவம் எங்கேருந்து வரும்? ஒரு முடிச்சுக்கு ஒரு வருஷம். இருபத்தாறு முடிச்சு. சரியாப் போச்சா?”

அவள் உதடு அசைய எண்ணிப் பார்த்தாள். நாடாவின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை விரல் போனது.

“மூணு கூட இருக்கு.”

“ஆமா.”

“அத என்ன செய்யிறது?”

“யாருமில்லாத ஆத்துமா ஒண்ணுக்குக் குடுத்துடு.”

“பேரு தெரியாதே.”

“பேரு வேணாம். போயிடும்.”

கடைசி மூன்று முடிச்சையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாய் கோணியது. “வலிச்சிச்சுப்பா. ரொம்ப வலிச்சிச்சு. எல்லாத் தடவையும் வலிச்சிச்சு” என்று கத்தி அழுதாள். இருபத்தாறு நாள் அழுகையும் சேர்ந்து வந்தது. டாக்டர் அவள் முடிக்கும்வரை காத்திருந்தார். நான் அழவில்லை. எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. என் காலின்கீழ் தரை இருந்தது, பையில் கடிகாரம் இருந்தது, அவ்வளவுதான்.

ஒன்பது நாற்பத்தொன்றுக்கு மீதி மருந்தைப் போட்டார். ஊசிக்கு ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி அலறினாள். முடிச்சுப் போடவில்லை. இந்தத் தடவை டாக்டர், “நேரத்தை நீங்கள் சொல்லுங்கோ” என்றார். பத்து நிமிடம் என்றேன். பன்னிரண்டு என்றேன். பதினான்காவது நிமிடத்தில் குண்டூசியை வைத்தார்.

“நோகுதோ?”

“கொஞ்சமா வலிக்குது.”

“நல்ல பிள்ளை” என்றார் டாக்டர். அந்த ‘கொஞ்சமா’வைக் கேட்ட பிறகுதான் அவர் அவளை நம்பினார் என்று நினைக்கிறேன். இருபத்துமூன்றாவது நிமிடத்தில், பத்து மணி நாலுக்கு, மறுபடி கேட்டார்.

“இல்ல டாக்டர். என் காலு மாதிரியே இல்ல. யாரோ காலு.”

நான் கையைப் பார்த்தேன். நாடா நெஞ்சின்மேல் சும்மா கிடந்தது.

டாக்டர் ஏழு பட்டை எடுத்தார். ஒவ்வொன்றும் விரல் அகலம், மெல்லிய ஈரக் காகிதம் போல. முதல் பட்டை முடிந்ததும் அவள் துணியின் மறுபக்கத்தைப் பார்த்துக் கேட்டாள். “இப்ப என்னா செய்றாங்க?”

“மாங்கா சீவுறோம்லா பாப்பா” என்றார் டிரெஸ்ஸர்.

“உப்பு மொளகா போடுவீங்களா?”

“ஐயோ, அது மட்டும் வேணாம்லா, டாக்டர் அடிப்பாரு.”

டாக்டர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். ஏழையும் அவள் சத்தமாக எண்ணினாள். ஏழில் ஐந்து நன்றாக ஒட்டின, இரண்டு உதிர்ந்தன, அந்த இடம் தானாகவே மூடிக்கொண்டது. கால் நீண்டது. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி நடந்தே ரிக்ஷாவில் ஏறினாள்.

அதற்கு முன், அறுவை முடிந்த நான்காம் நாள், முதல் சனிக்கிழமை காலையில், அக்கா கஞ்சி கொண்டுவந்திருந்தாள். மனைவி இறந்ததிலிருந்து மாதம் ஒரு பூசை அவளுக்காக வைத்துவந்தோம். பூசைக்குக் காணிக்கை ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர். “இந்த மாசத்துக்குச் சாமியார்கிட்ட குடுத்துட்டியா?” என்று அக்கா கேட்டாள்.

மகள் கரண்டியை வைத்தாள். “எதுக்கு அத்த? அம்மாதான் போய்ச் சேந்துட்டாங்களே.”

“யாரு சொன்னா?”

“அப்பாதான். கணக்குச் சரியாப் போச்சு.”

அக்கா என்னைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள். அவள் முகத்தில் கேள்வி கூட இல்லை. கூட்டல் தெரிந்த பிள்ளை தன் தகப்பனைப் பார்க்கிற பார்வை. “ஆமாக்கா, இனிமே வேணாம்” என்றேன்.

அன்று பிற்பகல் ஆபீஸ் விட்டதும் படகேறி, கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகானுக்குப் போனேன். எங்கள் கோவிலில் கொடுத்தால் யாருக்காகப் பூசை என்பதைப் பீடத்தில் நின்று வாசிப்பார்கள், மகள் கேட்டுவிடுவாள். அக்கரைக் கோவிலில் இருந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரச் சாமியார், தமிழ் நன்றாகப் பேசுவார். ஒரு வெள்ளியை வைத்து, “மரித்த ஓர் ஆத்துமாவுக்கு” என்றேன். பெயர் கேட்டார். சொல்லவில்லை. பிறகு பாவசங்கீர்த்தனத்தில் மண்டியிட்டு, பிள்ளையிடம் பொய் சொன்னதைச் சொன்னேன்.

“உங்க மனைவி எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அப்ப அது பொய்யின்னு நான் எப்படிச் சொல்றது?” என்றார்.

மெய்யென்றும் அவர் சொல்லவில்லை. ஒரு வருடம் என்ற தொகை என்னுடையது. என்னுடைய தொகையை வைத்துப் போட்ட கணக்கு எனக்கு எப்படிச் செல்லும்? அடுத்த மாதமும் போனேன்.

மாதத்தில் முதல் சனிக்கிழமை, இரண்டு மணிப் படகு, நாலரை மணிப் படகில் திரும்புவது. வீட்டில், பாகான் டாலாமில் ஒரு கூட்டாளியைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். கூட்டாளி எனக்கு எங்கேயும் கிடையாது. அது அக்காவுக்குத் தெரியும்.

“பாகான்ல யார வச்சிருக்கடா?” என்று இரண்டாம் வருடம் கேட்டாள்.

நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“கேக்குறேன்ல. கலியாணம் பண்ணிக் கூட்டிட்டு வந்துடு. இப்படி மாசத்துக்கு ஒருக்கா போறதுக்குப் படகுக்காரனே சிரிப்பான்.”

“நேரமாச்சுக்கா” என்றேன். அவள் கடைசிவரை அப்படித்தான் நம்பினாள். அந்தப் பெண்ணுக்கு எத்தனை வயது, நல்ல நிறமா என்றெல்லாம் பக்கத்து வீட்டில் சொல்லிவந்ததாகவும் தெரியும். நான் மறுக்கவில்லை. மறுத்தால் மீதியையும் சொல்ல வேண்டியிருக்கும்.

மகள் வளர்ந்தாள். எதையும் வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடத்திலும் அதற்குப் பேர் பெற்றிருந்தாள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் என்னோடு வருவாள். மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு தாயின் கல்லறைக்கு முன் ஒரு நிமிடம் நிற்பாள். ஏற்றமாட்டாள். அங்கே தேவையில்லை. சிலுவை சாய்ந்து, பெயர் அழிந்து, யாரும் வராத ஏதாவது ஒரு மேட்டைத் தேடிப்போய் மூன்று ஏற்றிவைப்பாள். பாவாடையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அவள் முன்னே போனபிறகு நான் பையிலிருந்து ஒன்றை எடுத்து மனைவியின் மேட்டில் நடுவேன். காற்றில் அணைந்தால் அணையட்டும் என்று வந்துவிடுவேன்.

நாடாவை இன்னும் வைத்திருக்கிறேன். செபப் புத்தகத்தில் இருக்கிறது. அவள் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

கடைசியாகப் போனது 1941 டிசம்பர் ஆறாம் தேதி. அடுத்த வாரம் ஊரில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. அதன்பின் பாகானுக்குப் போக முடியவில்லை. சண்டை முடிந்து ஒருநாள் படகுத்துறை வரை போனேன். படகு வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நான் ஏறாமல், அது போகும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

செலவுக் கணக்கை எழுதி முடிக்கிறேன். ஆஸ்பத்திரி வார்டு, நாளுக்கு ஐம்பது காசு, அறுபது நாள்: முப்பது வெள்ளி. சீனக் கிழவியின் பூவுக்கு, மறுவாரம் தேடிப்போய்க் கொடுத்தது: நாற்பது காசு. 1931 டிசம்பரிலிருந்து 1941 டிசம்பர் வரை முதல் சனிக்கிழமைகள் நூற்றிருபத்தொன்று, காய்ச்சலில் இரண்டும் புயலில் ஒன்றும் தவறின, மீதி நூற்றுப்பதினெட்டு. பூசைக்கு நூற்றுப்பதினெட்டு வெள்ளி. படகுக்குப் போக வரப் பத்துக் காசு வீதம் பதினொரு வெள்ளி எண்பது காசு. மொத்தம் நூற்று அறுபது வெள்ளி இருபது காசு.